இருமேடைக் குரல்: நாகூர் இ.எம். ஹனீபாவும் கடலோரத் தமிழ்ப்பாட்டு மரபும்

செங்கற்பட்டுச் சீமையின் வரலாற்றில் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலையொட்டி அமைந்த கோவளம். ஆர்க்காட்டு நவாபு சஆதத்துல்லா கான் காலத்தில் 'சஆதத் பந்தர்' எனப் பெயர் பெற்ற துறைமுகம் அது. 1752ஆம் ஆண்டில் இராபர்ட் கிளைவ் கோவளக் கோட்டையையும், அதனை அடுத்துச் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் தரப்பிடமிருந்து கைப்பற்றினார். துறைமுகத்தின் பெருமை போயிற்று, தர்கா நிலைத்தது. நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் அவ்விடத்துக்கு இன்றளவும் பல சமயத்தாரும் நேர்ச்சையுடன் வருகின்றனர்.

மற்றோர் இடம் செங்கற்பட்டு நகரம். 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையில், சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு இங்கே கூடியது. சாதிப் பட்டங்களைத் துறத்தல், பெண்களுக்குச் சொத்துரிமை வழங்குதல், கைம்பெண் மறுமணத்தை ஆதரித்தல் என அம்மாநாடு எடுத்த முடிவுகள் பின்னாளில் ஓர் அரசியல் பெருக்கின் ஊற்றுக்கண்களாயின.

கோவளம் போன்ற தலங்களில் வளர்ந்தது இறைப்பாட்டு. செங்கற்பட்டு மாநாட்டின் வழியே வளர்ந்தது இயக்கப்பாட்டு. முன்னது நேர்ச்சைக்காரர் கூட்டத்தையும் பின்னது தொண்டர் கூட்டத்தையும் நோக்கியது. இவ்விரு மேடைகளையும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குரலால் ஆண்டவர் 'இசைமுரசு' நாகூர் இ.எம். ஹனீபா. ஐவேளைத் தொழுகையாளர் ஒருவர் பகுத்தறிவு இயக்கத்தின் மேடைப் பாடகராகவும் விளங்கியது எவ்வாறு? இதனைத் தனிமனித ஆற்றலின் விந்தையாக மட்டும் விளக்கிவிட இயலாது. அவருக்கு முன்பே இக்கடற்கரையில் வேரூன்றியிருந்த பாட்டு மரபைக் கொண்டே அதனை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வேர்கள்

தமிழ் முஸ்லிம்களின் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை முதன்மைப்படுத்துவது இயல்பே. எனினும், அக்காப்பியத்துக்கு அருகிலேயே வேறொரு நெடிய வரிசையும் நிற்கிறது. வினாவிடை வடிவிலான மசலா, கதை சொல்லும் கிஸ்ஸா, வரலாறு கூறும் நாமா, போர்க்களம் பாடும் படைப்போர், இறைவனிடம் இறைஞ்சும் முனாஜாத்து ஆகியன அவ்வரிசையில் அடங்கும். தமிழில் முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமிய நூல்களுள் மூத்ததாகக் கருதப்படுவது 1572ஆம் ஆண்டில் அரங்கேறிய ஆயிரமசலா என்பது கருதத்தக்கது. இவ்வடிவங்கள் யாவும் பெரும்பாலும் பாடப்பட்டும் கேட்கப்பட்டும் வாழ்ந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத மீனவர்க்கும் நெசவாளர்க்கும் மார்க்கம் சென்று சேர்ந்தது இவற்றின் வழியேதான். தாயிராவைத் தட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற பக்கீர்கள் இப்பாட்டுகளின் நடமாடும் நூலகங்களாக இருந்தனர்.

இம்மரபில், தாமே இயற்றித் தாமே பாடியவராக நம் நினைவில் நிற்பவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. 1792இல் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த அவருடைய இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் மார்க்கக் கல்வி பெற்று, காதிரிய்யா நெறியில் தீட்சை பெற்று, துறவு பூண்டு பல தலங்களில் அலைந்து, இறுதியில் சென்னை இராயபுரத்தில் தங்கினார். 1838இல் அங்கேயே அடங்கினார். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் 'தொண்டியார்' என்று அவரை மக்கள் அழைத்தனர் என்றும், தண்டையார்பேட்டை என்னும் பெயர் அதிலிருந்து வந்ததென்றும் கூறுவர். தாயுமானவரின் பராபரக்கண்ணி வடிவை மேற்கொண்டு அவரும் பராபரக்கண்ணி பாடினார். றகுமான் கண்ணி, மனோன்மணிக் கண்ணி முதலியவற்றையும் பாடினார். இரண்டிரண்டு அடிகளாய் அமைந்து, ஒரே விளியில் முடியும் கண்ணி வடிவம் கேட்போர் உடன்பாடுவதற்கு மிக வாய்ப்பானது. அவர் மீது நான்மணிமாலை பாடிய திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் சைவப் புலவர். சென்னைக் கானாப் பாட்டின் முன்னோடிகளுள் ஒருவராக மஸ்தான் சாகிபைச் சொல்வாரும் உளர்.

இங்கே ஒரு செய்தியை மனத்திற் கொள்ள வேண்டும். மஸ்தான் சாகிபின் பாட்டு முஸ்லிம்கள் மட்டுமே கூடிய அவைக்காக எழுந்ததன்று. கலந்து அமர்ந்த கூட்டமே அதன் கேட்போர் கூட்டம். அவர் அடங்கிய அதே இராயபுரத்தில்தான், 111 ஆண்டுகளுக்குப் பின்னர், 1949 செப்டம்பர் 17ஆம் நாள் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பெற்றது. இது தற்செயலான இட ஒற்றுமையே. ஆயினும், கலந்து அமர்ந்த கூட்டத்துக்குத் தமிழில் பாடுவது என்னும் பண்பு இரண்டிடத்தும் பொதுவாக இருந்தது தற்செயலன்று.

நாகூர் ஈன்ற குரல்

இராயபுரத்திலிருந்தும் கோவளத்திலிருந்தும் தெற்கே பரங்கிப்பேட்டை, காரைக்கால் வழியாகச் செல்லும் துறைமுகச் சங்கிலியில் நாகூர் ஒரு பெருங்கண்ணி. சாகுல் ஹமீது ஆண்டகை அவர்களின் தர்காவில் ஐந்து மினாராக்கள் உள்ளன. அவற்றுள் உயர்ந்ததைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். பதினான்கு நாள் நடைபெறும் கந்தூரி விழாவில் இசைக்கு நீங்கா இடமுண்டு. தர்காவின் ஆஸ்தான வித்துவானாக விளங்கிய எஸ்.எம்.ஏ. காதர் கருநாடக இசையில் தேர்ந்த புலமையாளர்.

1919 டிசம்பர் 25ஆம் நாள் இராமநாதபுரத்தில் பிறந்த இஸ்மாயில் முகமது ஹனீபாவுக்கு நாகூரே ஊராயிற்று, பின்னர் பெயராயிற்று. அவர் முறையான சாஸ்திரிய இசைப் பயிற்சி பெற்றவரல்லர். இளமையிலேயே திருமண வீடுகளிலும் ஊர் விழாக்களிலும் பாடிப் பாடிப் பண்பட்ட குரல் அது. நுண்ணிய கமகங்களை நாடுவோர்க்கு அவரிடம் கிடைப்பது குறைவு. ஆனால், உச்ச சுருதியில் தளராது நிற்கும் வெண்கலத் தொனியும், ஒவ்வோர் எழுத்தும் தெளிந்து ஒலிக்கும் உச்சரிப்பும் அவருக்கே உரியவை. ஒலிபெருக்கி எல்லா ஊருக்கும் எட்டாத காலத்தில் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானோர்க்குப் பாட வேண்டியிருந்தவர்க்கு இவ்விரண்டுமே முதல் தேவைகள். சபா மண்டபத்தின் அளவுகோல் இத்தகைய குரலுக்குப் பொருந்தாது. இது சதுக்கத்துக்கான குரல்.

அவருடைய கச்சேரி அமைப்பும் அதற்கேற்பவே இருந்தது. ஆர்மோனியம், தபேலா போன்ற எளிய பக்கவாத்தியங்கள்; இறைவாழ்த்தில் தொடங்கி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழ், நபித்தோழர் வரலாறு, இறைநேசர் சிறப்பு, நல்லொழுக்க அறிவுரை எனப் படிப்படியாகச் செல்லும் நிரல். பழைய கிஸ்ஸாவும் முனாஜாத்தும் புகழ்ப்பாட்டும் ஓரிரவுக் கச்சேரிக்குள் சுருங்கி உறைந்தன எனலாம். தர்காவின் முற்றத்தில் பிறந்த பாட்டு, மீலாது விழா மேடைக்கும் திருமணப் பந்தலுக்கும் கடைத்தெருவுக்கும் பெயர்ந்தது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் தமிழ் முஸ்லிம்கள் வாழும் இடங்களிலெல்லாம் அவருக்கு மேடைகள் அமைந்தன.

இரண்டாம் மேடை

இளமையிலேயே ஹனீபாவை நீதிக்கட்சியும் சுயமரியாதை இயக்கமும் ஈர்த்தன. பெரியாரிடமும், பின்னர் அறிஞர் அண்ணாவிடமும் அவர் பற்றுக் கொண்டார். திருவாரூர் இளைஞர் மு. கருணாநிதியுடன் ஏற்பட்ட நட்பு இறுதிவரை நீடித்தது. 1953இல் டால்மியாபுரம் என்னும் பெயரைக் கல்லக்குடி என மாற்றக் கோரிக் கருணாநிதி நடத்திய போராட்டத்தைப் புகழ்ந்து ஹனீபா பாடிய பாட்டு கட்சிக் கூட்டங்களில் நிலைபெற்றது. அண்ணாவின் அழைப்பைக் கூறும் பாட்டும், கட்சியின் சின்னமான உதயசூரியனைப் பாடும் பாட்டும் தேர்தல் காலங்களில் ஊர்தோறும் ஒலித்தன. தலைவர்கள் வந்து சேரும்வரை கூட்டத்தைக் கலையவிடாமல் காப்பது அன்றைய மேடைப் பாடகனின் பொறுப்பு. நள்ளிரவு கடந்து வரும் தலைவருக்காகப் பல்லாயிரவர் காத்திருந்த அக்காலத்தில், பேச்சுக்கு வழிசெய்தது பாட்டே.

அண்ணா பிறந்த காஞ்சிபுரம் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1957இல் அவர் முதன்முறை சட்டமன்றத்துக்குத் தேர்வானதும் காஞ்சிபுரத் தொகுதியிலிருந்தே. 1967இல் ஆட்சி மாறியபோது அம்மாற்றத்தின் செவிப்புல நினைவாக மக்கள் மனத்தில் பதிந்தவற்றுள் ஹனீபாவின் குரலும் ஒன்று. 1972இல் கட்சி பிளவுற்றபோதும் அவர் தம் இடத்தினின்று பெயரவில்லை. சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும், வக்பு வாரியத் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். 2002ஆம் ஆண்டு வாணியம்பாடி இடைத்தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றார். பிறர் வெற்றிக்குப் பாடியவர்க்குத் தம் வெற்றி வாய்க்கவில்லை. அதுகொண்டு அவர் மேடையை விட்டு நீங்கியதுமில்லை.

முரணா, தொடர்ச்சியா?

இறைமறுப்பைப் பேசிய இயக்கத்தில் இறைநம்பிக்கையாளர் எவ்வாறு ஒன்றினார் என்னும் வினா இருபுறமிருந்தும் எழுப்பப்பட்டதுண்டு. இசையே கூடுமா என்று ஐயுறும் மார்க்க அறிஞர்களும் சமுதாயத்தில் உள்ளனர். தர்கா வழக்கங்களை ஏற்காதோரும் உள்ளனர். எனவே, ஹனீபாவின் பணி எல்லாத் தரப்பாராலும் ஒருமனதாக ஏற்கப்பட்டதென்று கூறுவது வரலாறாகாது.

ஆயினும், மூன்று செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, சுயமரியாதை இயக்கம் தாக்கியது சாதிப் படிநிலையை. மனிதருள் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் இஸ்லாமியக் கோட்பாட்டைப் பெரியார் மேடைகளில் எடுத்துக்காட்டிப் பேசியவர். இன இழிவு நீங்க இஸ்லாமே மருந்து என்றும் கூறியவர். இந்த ஒரு புள்ளியில் தொழுகையாளரும் பகுத்தறிவாளரும் தோளோடு தோள் நிற்க முடிந்தது.

இரண்டாவது, 1949இல் தோன்றிய கழகம் 'ஒன்றே குலம் ஒருவனே தேவன்' என்னும் கொள்கையைத் தன் முழக்கமாக்கிக்கொண்டது. திருமூலரின் வாக்கை அடியொற்றிய அம்முழக்கத்தில் ஏகத்துவத்தைப் போற்றும் செவிகள் உறுத்தல் காணவில்லை. அண்ணாவும் கருணாநிதியும் மீலாது விழாக்களில் தொடர்ந்து பேசினர். பாடகர் மட்டுமே இருமேடைக்காரர் அல்லர். பேச்சாளரும் கேட்போரும்கூட இருமேடைக்காரராகவே இருந்தனர்.

மூன்றாவது, மேலே நாம் கண்ட பாட்டு மரபு. மஸ்தான் சாகிபின் காலந்தொட்டே முஸ்லிம் பாடகர் தமிழில், தமிழ் யாப்பில், கலந்த கூட்டத்துக்குப் பாடி வந்தனர். மொழி வேறு, மார்க்கம் வேறு என்று இரண்டையும் எதிரெதிர் நிறுத்தும் பழக்கம் அம்மரபில் இல்லை. தமிழுக்காக எழுந்த ஓர் இயக்கம் வந்தபோது, அதற்குப் பாடுவது அவர்களுக்குப் புதுத்தொழிலாகத் தோன்றவில்லை. ஹனீபா கட்சி மேடைக்காகத் தம் மார்க்கத்தை மறைத்தவரல்லர்; மார்க்க மேடைக்காகத் தம் கட்சியை மறுத்தவருமல்லர். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே குரல்.

இசைத்தட்டு செய்த மாற்றம்

நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடம் மட்டுமே ஒலிக்கும். இரவு முழுதும் நீளும் கிஸ்ஸா அதற்குள் அடங்காது. பல்லவி, இரண்டு மூன்று சரணங்கள், மனத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சொற்றொடர் என்று பாட்டு செறிந்தது. கேட்டுப் பழகிய திரைமெட்டுகளிற் சிலவும் இறைப்பாட்டுக்குள் வந்து சேர்ந்தன. இதனைக் குறையாகக் கருதுவோர் உண்டு. ஆனால், தெரிந்த மெட்டில் புதிய பொருளை ஏற்றுவது நம் நாட்டுப்பாட்டு மரபில் தொன்றுதொட்டு வரும் முறையே. சிந்தும் கும்மியும் அவ்வாறே பரவின.

இசைத்தட்டுக்குப் பின் ஒலிநாடா வந்தது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோரின் பெட்டிகளில் அதற்கும் இடமிருந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி கடல் கடந்து தமிழகக் கரையெங்கும் கேட்டது. நோன்புக்கால சஹர் வேளையில் ஹனீபாவின் பாட்டு ஒலிபெருக்கியில் எழுவது பல ஊர்களில் காலக் கணக்காகவே ஆயிற்று.

திரைப்படம் அவரை அழைத்தபோதும் அவர் தம் தொனியை மாற்றிக்கொள்ளவில்லை. 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில், விசுவநாதன்–இராமமூர்த்தி இசையில் டி.எம். சௌந்தரராஜனுடன் அவர் பாடிய பெருநாள் பாட்டு இன்றும் ஈகைத் திருநாளில் கேட்கப்படுகிறது. 1992இல் 'செம்பருத்தி', 1997இல் 'இராமன் அப்துல்லா' ஆகிய படங்களில் இளையராசாவின் இசையில் பாடினார். எனினும், திரையுலகம் அவருக்கு விருந்தினர் அறையாகவே இருந்தது. வீடாக அமைந்தது மேடை.

எழுதியோர் எங்கே?

மஸ்தான் சாகிபிடம் இயற்றுவோரும் பாடுவோரும் ஒருவரே. ஹனீபாவின் காலத்தில் அப்பணி இரண்டாகப் பிரிந்தது. அவர் பாடகர், பாட்டுகளை இயற்றித் தந்தோர் வேறு பலர். சமயம் கடந்து தமிழகமெங்கும் அறியப்பட்ட 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாட்டு கிளியனூர் அப்துல் சலாம் இயற்றியது. அதனை மனப்பாடமாக அறிந்த பல்லாயிரவருள் அப்பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? நாகூரைச் சேர்ந்த புலவர் ஆபிதீன் ஹனீபாவுக்குப் பாட்டெழுதிய முன்னோருள் ஒருவர். நாகூர் சலீம் ஹனீபாவுக்காக எண்ணற்ற பாடல்களை யாத்தவர். 1938இலேயே 'காதலா கடமையா' என்னும் புதினத்தை வெளியிட்ட சித்தி ஜுனைதா பேகம், திரைக்கதையாசிரியர் தூயவன் ஆகியோரை ஈன்ற எழுத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர்.

இசைத்தட்டின் நடுவட்டத்தில் பாடகர் பெயர் பெரிதாகவும், எழுதியவர் பெயர் சிறிதாகவும் அச்சாகும். சிலபோது அச்சாகாமலும் போகும். ஒலிநாடாவைப் படியெடுத்து விற்றபோது அந்தச் சிற்றெழுத்தும் உதிர்ந்தது. மேடையில் பாடும்போதோ சொல்வதற்கு நேரமில்லை. இவ்வாறு ஒரு தலைமுறைக் கவிஞர்கள் தம் சொற்கள் ஊரெல்லாம் ஒலிக்கத் தாம் ஒலியின்றி மறைந்தனர். கட்சிப் பாட்டுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஒரு தேர்தலுக்கு எழுதப்பட்டு அடுத்த தேர்தலில் மறக்கப்படும் பாட்டை எவரும் நூலாக்க நினைப்பதில்லை.

இதில் பாடகரைக் குறைகூற இடமில்லை. அவர் குரல் கிட்டாதிருந்தால் அப்பாட்டுகளுட் பல கையெழுத்துத் தாள்களிலேயே மடிந்திருக்கும். குறை நம் ஆய்வு முறையில் உள்ளது. இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுக்க ம.மு. உவைஸ் போன்ற பேரறிஞர்கள் ஆற்றிய தொண்டு அளவிடற்கரியது. காப்பியங்களும் சிற்றிலக்கியங்களும் அவர்களால் வெளிச்சம் பெற்றன. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் மேடைப் பாட்டும் இசைத்தட்டுப் பாட்டும் இலக்கிய வரலாற்றின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. ஏட்டில் இருந்தால் இலக்கியம், தட்டில் இருந்தால் பொழுதுபோக்கு என்னும் பிரிப்பு ஆயிரமசலாவையும் கண்ணியையும் செவிவழிக் காத்த ஒரு சமுதாயத்துக்குப் பொருந்துமா?

நிறைவாக

2015 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் ஹனீபா காலமானார். அகவை 95. நாகூரில் நல்லடக்கம் செய்யப்பெற்றார். அவர் மறைவுக்குப் பின் நான்கு ஆண்டுகளில், 2019இல், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி மீண்டும் அப்பெயரிலேயே தனி மாவட்டமாயிற்று. 1929 மாநாட்டின் நினைவும் கோவளத்துத் தர்காவும் இன்று ஒரே மாவட்டத்தின் எல்லைக்குள் உள்ளன. இருமேடைகளின் வரலாற்றையும் சேர்த்தெழுதுவதற்கு அதுவே ஒரு குறிப்பாகட்டும்.

செய்ய வேண்டியன தெளிவானவை. பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் அவற்றின் உறைகளோடு திரட்ட வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடப்பட்ட நிகழ்வு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கோவளம், பரங்கிப்பேட்டை, நாகூர், தொண்டி, கீழக்கரை என ஊர்தோறும் மூத்தோர் நெஞ்சில் தங்கியுள்ள முனாஜாத்துகளையும் கந்தூரிப் பாட்டுகளையும் அவர்கள் குரலிலேயே பதிந்து வைக்க வேண்டும். பக்கவாத்தியம் வாசித்தோரில் இன்னும் உயிரோடிருப்போரைக் கண்டு கேட்க வேண்டும். நூலகத்துச் சுவடி காத்திருக்கும். மனித நினைவு காத்திராது. ஹனீபாவின் குரல் தட்டிலும் நாடாவிலும் நிலைபெற்றுவிட்டது. அக்குரலுக்குச் சொல் தந்தோரின் பெயர்களை நிலைபெறச் செய்வது நம்மேல் உள்ள கடன்.